சேவைக் கணக்கு யார் கையில்?

கொஸ்லந்த என்னும் ஊரின் பெயர் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் உலகெங்கும் கேட்டது. அன்று காலை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. கொழுந்து மலைக்குச் சென்றிருந்தோர் ஓடி வந்து பார்த்தபோது வீடுமில்லை, வீட்டில் விட்டு வந்தோருமில்லை. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது என்பது நாடறிந்த செய்தி. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தனர்.

அத்துயரை மீண்டும் கிளறுவது இன்று எமது நோக்கமன்று. காகிதத்தில் உள்ள ஒன்று அதற்குரிய மக்களைச் சென்றடையாது போகும் கொடுமை, ஊவா மலைகளில் வேறொரு வடிவிலும் நடைபெறுகின்றது. அது ஒரே நாளில் உயிர்களை விழுங்குவதில்லை. முப்பது ஆண்டு உழைப்பை ஓசையின்றி விழுங்குகின்றது. தோட்டத் தொழிலாளியின் சேவைக்காலத்தைப் பற்றியே பேசுகின்றோம்.

வேலை முடிவுற்ற தொழிலாளி நட்டஈடோ பணிக்கொடையோ கேட்டு வரும்போது, சட்டம் அவனை நோக்கி முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு காலம் வேலை செய்தாய்?” மலையகத்துத் தொழிலாளிக்கு இக்கேள்விக்கு விடை தெரியும். அவன் தந்தைக்கும் தெரியும். ஆனால் விடையை எழுதி வைத்திருக்கும் புத்தகம் அவனிடம் இல்லை.

சட்டம் கேட்பது சிறிதே

முதலில் சட்டத்தை நோக்குவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம், சேவை முடிவதற்கு முந்திய 12 மாதங்களில் எந்நாளிலேனும் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்த தொழில்தருநர் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்த தொழிலாளி பணிக்கொடைக்கு உரியவன். அவன் தானே விலகினாலும், விலக்கப்பட்டாலும், இளைப்பாறினாலும், இறந்தாலும் அவ்வுரிமை அழியாது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட்சம்பளம். சேவை முடிந்த 30 நாட்களுக்குள் அதனைக் கொடுத்துவிடல் வேண்டும். தாமதித்தால், தாமதத்தின் அளவுக்கேற்ப நூற்றுக்கு 10 முதல் 30 வரை மேலதிகம் சேரும்.

அடுத்தது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளரின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய இவ்விசேட சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணமன்றி வேறு காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதாயின், ஒன்றில் அவரது எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே இருத்தல் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அங்கீகாரம் இருத்தல் வேண்டும். இரண்டுமின்றி நிறுத்தினால் அந்நிறுத்தம் சட்டத்தின் கண்ணிற் செல்லாது. இப்பாதுகாப்பைப் பெறுவதற்கு வேண்டிய தகுதி, தொடர்ச்சியான 12 மாத காலத்தினுள் 180 நாட் சேவை. அங்கீகரிக்கப்பட்ட விடுமுறை நாட்களும் அக்கணக்கிற் சேரும்.

ஆணையாளர் அங்கீகாரம் அளிக்கும்போது எவ்வளவு நட்டஈடு என்பதற்கு 2005ஆம் ஆண்டு முதல் வர்த்தமானியில் வெளியான வாய்பாடு உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம்; ஆறு முதல் பதினான்கு ஆண்டுகள் வரை இரண்டு மாதம்; பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்றரை மாதம்; இருபது முதல் இருபத்துநான்கு வரை ஒரு மாதம்; அதற்கு மேல் முப்பத்துநான்கு வரை அரைமாதம். 30 ஆண்டு சேவை செய்தவருக்கு 46 மாதச் சம்பளம் வரும். உச்சத்தொகை 12 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்து 2021இல் 25 இலட்சமாக உயர்ந்தது. பணிக்கொடை இதற்குப் புறம்பானது. ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் தகுதிக்காலம் என்பதே கிடையாது. முதல் நாளிலிருந்தே அவை உரியன.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால் எமது சட்டம் சில இடங்களில் தாராளமானது, சில இடங்களில் கடினமானது. பிரித்தானியா 1965இல் ஆட்குறைப்புக் கொடுப்பனவுச் சட்டத்தை இயற்றியபோது இரண்டாண்டுச் சேவையைத் தகுதியாக விதித்தது. இன்றும் அதுவே நிலைமை. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவனை ஓராண்டுத் தொடர்ச் சேவை செய்தவனாகக் கொண்டு, ஆட்குறைப்பு நட்டஈட்டுக்கு உரியவனாக்கிற்று. எமது 180 நாள் அதனினும் எளிது. எமது ஐந்தாண்டுப் பணிக்கொடை வரம்போ கடுமையானது. நான்கு ஆண்டும் பதினொரு மாதமும் உழைத்தவனுக்கு இச்சட்டத்தின் கீழ் ஒரு சதமும் இல்லை. அவ்வரம்பு குறைக்கப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து.

ஆயினும், கொஸ்லந்தையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் வாழும் எம்மக்களில் மிகப் பலர் ஐந்தாண்டு வரம்பைத் தாண்டிப் பல காலமாயிற்று. பதினெட்டு வயதிற் பெயர் பதிந்தவள் ஐம்பத்தைந்து வரை கொழுந்து எடுக்கின்றாள். தகுதிக்காலம் அவளுக்கு ஒரு தடையே அன்று. பின் தடை எங்கேயுள்ளது?

பெயர் போடும் புத்தகம்

தடை செக்ரோலில் உள்ளது. காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் போடப்படுகின்றது. மாலையிற் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. குறித்த கிலோ நிறையாவிட்டால் “அரைப்பேர்” என்று எழுதப்படுகின்றது. எட்டு மணி நேரம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவளின் நாள், பேனாவின் ஒரு கீற்றில் அரை நாளாகி விடுகின்றது. ஒருநாட் கூலியிற் பாதியை இழப்பது கண்ணுக்குத் தெரியும் நட்டம். சேவைக்கணக்கிலும் அந்நாள் அரைநாள்தானோ என்னும் ஐயம் கண்ணுக்குத் தெரியாத நட்டம்.

இங்கு நாம் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகின்றோம். பணிக்கொடைச் சட்டம் “பூர்த்தியான சேவை” என்றே பேசுகின்றது. எத்தனை கிலோ எடுத்தாள் என்று அது கேட்கவில்லை. வேலையாள் என்னும் உறவு தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை எத்தனை ஆண்டு என்பதே வினா. அரைப்பேர் கூலிக்குரிய கணக்கு, சேவைக்குரிய கணக்கன்று. அரைப்பேரைக் காட்டி ஆண்டுகளைக் குறைப்போர் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சட்டத்தினுட் புகுத்துகின்றனர்.

அண்மையில் எம்மை நாடி வந்த ஒரு முதிய தாயின் நிலையைச் சொல்லுதல் தகும். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். அவர் கையிற் கொண்டுவந்த பையில் மூன்று காகிதங்கள் இருந்தன. மூன்றிலும் மூன்று விதமாக அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. பிறப்பு அத்தாட்சியில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதிப் பத்திரத்தில் இன்னொன்று. கணக்குப் புத்தகத்தில் அவர் சேர்ந்த ஆண்டு, அவரது மூத்த மகன் பிறந்த ஆண்டுக்கும் பிந்தியதாக இருந்தது. அம்மகனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டே தாம் மலைக்குச் சென்றதாக அத்தாய் கூறினார். தாய் வேலை செய்யாத தோட்டத்திற் பிள்ளைக்காம்பரா அவளுடைய பிள்ளையை ஏற்குமோ? இவ்வினாவைக் கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதிக் கேட்க எவரும் துணை நிற்கவில்லை.

அவர் இழக்கவிருந்தது எவ்வளவு? 2024ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட 1,350 ரூபா என்னும் நாட்சம்பளத்தை உதாரணமாகக் கொள்வோம். 14 நாளுக்கு 18,900 ரூபா. 30 ஆண்டுக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. புத்தகத்தில் எட்டு ஆண்டு குறைந்தால் 1 இலட்சத்து 51 ஆயிரத்து 200 ரூபா மறைந்துவிடும். கொழும்பிலுள்ள ஒருவருக்கு இது சிறு தொகையாக இருக்கலாம். லயத்துக் காம்பராவில் முதுமையைக் கழிக்க வேண்டியவளுக்கு அதுவே மருந்தும் கூரைத்தகடும்.

பணிக்கொடை இறுதியாகப் பெற்ற சம்பள வீதத்தில் கணக்கிடப்படுவது. ஆகவே அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபா ஏறினாலும் அது கடந்துபோன ஆண்டுகள் அனைத்துக்கும் ஏறும். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்று முழங்கியபோது, அதில் அடிப்படை 500 மட்டுமே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 என்று எஞ்சியது பிரிக்கப்பட்டிருந்தது. தொழிலாளியின் கைக்கு வரும் தொகையைக் கூட்டிக் காட்டி, அவனது முதுமைக்குரிய தொகையைக் கூட்டாமல் விடும் வித்தை இது. சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுக் கைதட்டிய தலைவர்களும் இதற்குப் பொறுப்பாளிகளே.

செக்ரோலிலிருந்து வெளியே

இப்போது வந்துள்ள ஆபத்து இவை எல்லாவற்றினும் பெரிது. வெளியார் உற்பத்தி முறை என்று ஒன்றைப் பெருந்தோட்டக் கம்பனிகள் பத்தாண்டுக்கு மேலாக முன்வைத்து வருகின்றன. தொழிலாளிக்குத் தேயிலைச் செடிகள் கொண்ட ஒரு துண்டு ஒதுக்கப்படும். அவர் குடும்பத்தோடு அதனைப் பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்கே கொடுப்பார். உரத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவு கழிய, கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும். நாட்சம்பளம் இல்லை, பிரட்டு இல்லை, பெயர் போடுதல் இல்லை. கொந்தரப்பு வேலையும் கைக்காசு வேலையும் இதன் சிறிய உடன்பிறப்புகள். மேலோட்டமாக நோக்கினால் இது சுதந்திரம் போலத் தோன்றும். சிலருக்கு இதனால் வருமானம் கூடியிருக்கவும் கூடும். அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் உழவர் பெருமக்கள் ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். காணி உறுதி இல்லாமல், குத்தகைப் பத்திரம் இல்லாமல், விளைபொருளை விரும்பியவருக்கு விற்கும் உரிமையும் இல்லாமல் ஒருவன் செய்கை பண்ணுவானாயின் அவனை விவசாயி என்பீர்களா? வாரத்துக்கு வயல் செய்தவனைக் கூட 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் எளிதில் வெளியேற்ற முடியாதவாறு காத்தது. தேயிலைத் துண்டு பெற்றவனுக்கு அத்தகைய காப்பும் இல்லை. தொழிலாளி என்னும் நிலை போகின்றது. விவசாயி என்னும் நிலை வரவில்லை.

சட்டம் கற்றோர் முன் நாம் ஒரு வினாவை வைக்கின்றோம். இருபத்தைந்து ஆண்டு செக்ரோலில் இருந்தவர் இம்முறைக்கு மாற்றப்படுகின்றார். அவரது பழைய சேவை முடிந்துவிட்டதா, தொடர்கின்றதா? முடிந்துவிட்டது என்றால் 30 நாட்களுக்குள் 25 ஆண்டுக்கான பணிக்கொடை கொடுபடல் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கீகாரமோ சம்மதமோ காட்டப்படல் வேண்டும். தொடர்கின்றது என்றால் இப்போது அவர் உழைக்கும் ஆண்டுகளும் சேவையிற் சேர்தல் வேண்டும். சேமலாப நிதியும் செலுத்தப்படல் வேண்டும். முடியவுமில்லை, தொடரவுமில்லை என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. பணிக்கொடை கேட்டால் “நீ இன்னும் எம்மவனே” என்பதும், சேமலாப நிதி கேட்டால் “நீ எம்மவன் அல்லன்” என்பதும் எந்த நீதி?

இதிலே மறைந்துள்ள பொறி ஒன்றுண்டு. எழுத்து மூலமான சம்மதம் இருந்தால் ஆணையாளரின் அங்கீகாரம் வேண்டியதில்லை என்று மேலே கூறினோம். துண்டு பெறுவதற்காகப் போடும் கையெழுத்து, நாளைக்கு வேலையிலிருந்து விலகச் சம்மதித்த கையெழுத்தாகக் காட்டப்படலாம். விளங்காத மொழியில் எழுதிய காகிதத்திற் கைநாட்டு வைத்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று எழுதப் படிக்க அறிவர். படித்துப் பார்க்காமற் கையெழுத்திடுவார்களாயின் அப்படிப்பால் பயன் என்ன?

புதிதாகச் சேரும் இளைஞரின் நிலை வேறு விதமானது. 180 நாள் நிரம்புமுன் நிறுத்துவதும், சில வாரம் கழித்து மீண்டும் அழைப்பதும், கைக்காசுக்கு மட்டும் வேலை கொடுப்பதும் வழக்கமாகி விட்டால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை என்றுமே எட்டாது. தகுதிக்காலம் என்பது தொழிலாளியின் உறுதிப்பாட்டைச் சோதிக்க வந்த அளவுகோல். அதனைத் தொழிலாளி எட்டாதவாறு காக்கும் வேலியாக்குவது சட்டத்தை அதன் நோக்கத்துக்கு எதிராகத் திருப்புவதாகும்.

தொடர்ச்சி என்னும் சொல்

“தொடர்ச்சியான” என்னும் சொல்லை மலையகத் தமிழர் முதன்முறையாக இன்று சந்திக்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோன பின், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அதனை மீளப் பெற ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. மணமானவர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டும், மற்றவர் பத்தாண்டும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்றது. தாயைப் பார்க்க, தங்கையின் கலியாணத்துக்கு, குலதெய்வத்துக்குப் பொங்கலிடக் கடல் கடந்தவர் திரும்பி வரப் பன்னிரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. அறுபது ஆண்டு உழைத்த குடும்பங்கள் ஒரு பயணச் சீட்டினால் நாடற்றவையாயின. எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. வாழ்ந்தது உண்மை, வாழ்ந்ததற்குக் காகிதம் இல்லை என்பதே அன்றைய குற்றம். உழைத்தது உண்மை, உழைத்ததற்குக் காகிதம் இல்லை என்பதே இன்றைய குற்றம்.

இந்தத் தொடர்ச்சியை மலையே அறுக்குமானால் என்ன செய்வது? மீரியபெத்தையில் வீடிழந்தோர் மறுநாட் காலையிற் பிரட்டுக்குச் சென்றிருக்க முடியுமா? புதிய வீடுகள் பூணாகலைப் பக்கம் மாகல்தெனியவிற் கையளிக்கப்படும் வரை ஏறத்தாழ இரண்டாண்டு சென்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்து பல குடும்பங்கள் வெளியேறின. முகாமில் இருந்த நாட்கள் வேலைக்கு வராத நாட்களே. ஆனால் வராமை வேறு, வேலையைக் கைவிடுதல் வேறு. வேலையைக் கைவிட்டார் என்று நிறுவுவதற்கு உடல் வராமை மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணமே இல்லாமை காட்டப்படல் வேண்டும் என்பது எமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. மண்ணுக்குள்ளிருந்து பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வேலையைக் கைவிடும் எண்ணம் இருந்தது என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? உயிரிழந்தோரின் சேவை மரணத்தால் முடிவுற்றது. அவர்களது பணிக்கொடை உரித்தாளருக்குச் சேர வேண்டியது. அது தர்மமன்று, கடன்.

செய்ய வேண்டியவை

புலம்பலோடு நிற்பது எமது வழக்கமன்று. அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுதோறும் தமிழில் ஒரு சேவை அத்தாட்சி கொடுக்கப்படல் வேண்டும். சேர்ந்த நாள், பூர்த்தியான ஆண்டுகள், இறுதிச் சம்பள வீதம் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். செக்ரோலிலிருந்து வேறு முறைக்கு மாற்றுவதாயின், தொழில் அலுவலர் ஒருவர் முன்னிலையில் விளக்கம் அளித்த பின்பே பெறப்படும் கையெழுத்து மட்டும் சம்மதமாகக் கொள்ளப்படல் வேண்டும். இயற்கை அழிவினால் வேலை இழந்த காலம் சேவைத் தொடர்ச்சியை அறுக்காது என்று ஐயத்துக்கிடமின்றிச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். புத்தகத்திற் பதிவு இல்லாதவிடத்து, அதனை நிறுவும் பாரம் புத்தகத்தை வைத்திருந்தவர் மேலேயே சுமத்தப்படல் வேண்டும். சம்பள நிர்ணய சபைகள் பற்றிய 1941ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளப் பதிவேடு வைக்கும் கடமையைத் தொழில்தருநர் மீதே சுமத்தியது. எழுதும் கடமை ஒருவருக்கு, எழுதாததன் தண்டனை இன்னொருவருக்கு என்பது முறையாகாது.

கம்பனிகள் தம் இடரைச் சொல்லும். உலகச் சந்தை விலை, உரச் செலவு, முதிர்ந்த செடிகள் என்பன பொய்யல்ல. தேயிலைத் தொழில் நலிந்தால் அதனை நம்பி வாழ்வோரும் நலிவர் என்பதை நாம் அறிவோம். ஆட்குறைப்பு இன்றியமையாததாயின் அதற்குச் சட்டம் வழி வைத்துள்ளது; விண்ணப்பித்து, விசாரணைக்கு முகங்கொடுத்து, வாய்பாட்டின்படி கொடுத்து நிறுத்தலாம். அவ்வழியைத் தவிர்த்துப் பின்வாயிலால் பெயரை அழிப்பதையே எதிர்க்கின்றோம்.

தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்வது: சம்பளத் துண்டை எறியாதீர்கள். பெயரிலுள்ள பிழையை வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். படித்து விளங்காத எதிலும் ஒப்பமிடாதீர்கள். வேலை நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதமே தவணை உண்டு. ஏழாம் மாதம் எத்தலைவரின் காலைப் பிடித்தும் பயனில்லை. காகிதம் இல்லையென்று ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். பிள்ளைக்காம்பராப் பதிவும், பாடசாலைச் சேர்வுப் பத்திரமும், தொழிற்சங்கச் சந்தாக் கணக்கும், உடன் வேலை செய்தவரின் வாக்குமூலமும் சான்றாக முன்வைக்கத் தக்கவை.

கற்றறிந்த தமிழருக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது. பதுளையிலும் பண்டாரவளையிலும் எமது சட்டத்தரணிகள் உளர். மலையகத்திற் பிறந்து வளர்ந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஆயிரமாயிரம். மாதத்தில் ஒரு ஞாயிறு கொஸ்லந்தையிலோ அல்துமுல்லையிலோ ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு அமர்ந்து, வருவோரின் சேவைக் கணக்கை எழுதிக் கொடுத்தாற் போதும். அந்த முதிய தாய் பையோடு மீண்டும் வரும்போது, அவர் கேட்ட வினாவை எழுதிக் கேட்க ஒருவராவது அங்கே இருத்தல் வேண்டும்.